'சனி ஞாயிறு மட்டும் ஓட்டிக்கலாம்' என்று கேட்கும் முதலாளிகளுக்கு

சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் கரையோரம் டைவிங் சென்டர் நடத்துகிறவர்களுக்கு வணக்கம்.

உங்களில் பாதிப் பேர் என் நம்பரை 'கம்ப்ரஸர் அண்ணன்' என்று பதிந்து வைத்திருக்கிறீர்கள். தெரியாதவர்களுக்காக ஒரு வரி. சிலிண்டரில் 200 பார், 300 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்து, அதை ஆட்கள் கடலுக்கடியில் மூச்சு விடக் கொடுக்கிறோமே, அந்த மெஷினைப் பழுது பார்க்கிறவன் நான். டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸர் எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக இது ஒன்றுதான் பிழைப்பு.

இந்த மடலை எழுத வைத்தது ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. ஒன்பது மணிக்குப் போன். "அண்ணே, ஒரு சின்ன லீக். நாளைக்குக் காலையில பதினாறு பேர் புக்கிங். கொஞ்சம் வந்து அட்ஜஸ்ட் பண்ணிக் கொடுத்துடுங்க. சனி ஞாயிறு மட்டும் ஓட்டிக்கிட்டா போதும், திங்கக்கிழமை ஃபுல்லா பாத்துக்கலாம்." இருபத்திரண்டு வருஷத்தில் அந்தத் திங்கட்கிழமை ஒரு தடவைகூட வந்ததில்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

போனேன். ஷெட்டுக்குள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காற்றை நெருக்கும் கடைசி ஸ்டேஜிலிருந்து அதை ஆற்றும் கூலருக்குப் போகிற குழாய், நட்டிலிருந்து வெளியே வரும் இடத்தில், பாம்பு மாதிரி சீறிக்கொண்டிருந்தது. காற்று நிரப்புகிற தம்பி, வயது இருபது இருக்கும், ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையில் 17 ஸ்பேனரோடு அந்த நட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். முகம் நட்டிலிருந்து ஒரு சாண் தூரம். கேஜ் முள் 180-ல் நின்றது. முதலாளி பக்கத்தில் நின்று, "இன்னும் கால் சுத்து, இன்னும் கால் சுத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் அவருக்கு வணக்கமே சொன்னேன்.

180 பார் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டரில், அதாவது சுண்டுவிரல் நக அளவு இடத்தில், 180 கிலோவுக்கு மேல் நெருக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஊசி ஓட்டை வழியாக அந்தக் காற்று வந்தால் தோலைத் துளைத்து உள்ளே போகும். குழாய் நட்டிலிருந்து கழன்றால் சாட்டை மாதிரி அடிக்கும். அழுத்தம் இருக்கும்போது ஃபிட்டிங்கை இறுக்கக் கூடாது. இறுக்குவது, தளர்த்துவது, தட்டிப் பார்ப்பது, விரலை வைத்து 'எங்க வருது' என்று தேடுவது, எதுவுமே கூடாது. முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் ஸ்பேனர். அந்தப் பூஜ்யத்தையும் உடனே நம்பிவிடக் கூடாது, அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

காற்றையெல்லாம் இறக்கிவிட்டு அந்த நட்டைக் கழற்றினேன். நட்டின் ஓட்டை எட்டு மில்லிமீட்டர். குழாய் ஆறு மில்லிமீட்டர்.

இது எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். நடப்பதற்கு எல்லா வசதியும் செய்துதான் வைத்திருக்கிறார்கள். உங்கள் மெஷின்களில் பெரும்பாலும் இருக்கிற கூம்பு வாய் ஃபிட்டிங்கில் இரண்டு ஜாதி உண்டு. எல் என்பது லேசானது, எஸ் என்பது கனமானது. ஆறு மில்லிமீட்டர் எஸ் நட்டுக்கும் எட்டு மில்லிமீட்டர் எல் நட்டுக்கும் மரை ஒன்றே, எம்14, ஒன்றரை பிட்ச், அதாவது 14 மில்லிமீட்டர் மரை, பல்லுக்குப் பல் ஒன்றரை மில்லிமீட்டர். இரண்டுக்கும் 17 ஸ்பேனர்தான் உட்காரும். ஒன்றை மற்றதில் போட்டால் வெண்ணெய் மாதிரி ஏறும். செம்புதாஸ் தெருவிலோ லிங்கிச் செட்டித் தெருவிலோ பழைய நட்டைக் காட்டி 'இதே மாதிரி ஒண்ணு' என்று கேட்டால், கடைக்காரர் மரையை ஒட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுப்பார். அவர் மேல் குற்றமில்லை. அவர் பார்ப்பது மரையை, ஓட்டையை இல்லை. உள்ளே குழாயைக் கடித்துப் பிடிக்கிற கடிவளையத்தை அந்தப் பெரிய ஓட்டை நட்டு ஓரத்தில் மட்டும்தான் தாங்கிப் பிடிக்கும். குளிர்ந்த மெஷினில் சோப்பு போட்டுப் பார்த்தால் ஒரு குமிழி வராது. சூடேறி அதிர ஆரம்பித்து நாலு மாதம் கழித்துத்தான் சுயரூபம் தெரியும். இந்தக் கடையில் போட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது.

நட்டு மாறியது ஒரு தப்பு. அதைவிட மோசமானது நட்டுக்குப் பின்னால் இருந்தது. குழாயில் ஏற்கெனவே ஒரு விரிசல் விட்டு, யாரோ பித்தளைக் கம்பி வைத்துக் கேஸில் பற்றவைத்து, மேலே எம்-சீல் பூசி, சில்வர் பெயின்ட்டும் அடித்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்கப் புதுக் குழாய்தான்.

கம்ப்ரஸர் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை நின்று பார்த்தால் இந்த ஒட்டுவேலை ஏன் ஆகாது என்று தானாகப் புரியும். மூன்று ஸ்டேஜ் மெஷின் வெளிக்காற்றை ஒரே மூச்சில் 200-க்கு நெருக்குவதில்லை. முதல் ஸ்டேஜ் ஏறக்குறைய ஆறு மடங்கு, அதை இரண்டாவது இன்னொரு ஆறு மடங்கு, மூன்றாவது மறுபடி ஆறு மடங்கு. ஆறு ஆறு முப்பத்தாறு, முப்பத்தாறு ஆறு இருநூற்றுப் பதினாறு. ஒவ்வொரு நெருக்கலிலும் காற்று கொதிக்கிற தண்ணீரைவிடச் சூடாகி வெளியே வரும். அதை ஆற்றத்தான் சுருள் குழாய்கள். ஆக ஒரே குழாய் சூடாகி நீள்கிறது, அணைத்ததும் ஆறிச் சுருங்குகிறது, பிஸ்டன் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் உள்ளே அழுத்தத்தில் துடிக்கிறது, வெளியே பெட்ரோல் எஞ்சினோடு சேர்ந்து ஆடுகிறது. இந்த ஆட்டமெல்லாம் எங்கே போய் முட்டும்? குழாய் நட்டுக்குள் நுழைகிற இடத்தில், வளையம் கடித்த கோட்டில். நான் பார்த்த விரிசல்களில் பத்துக்கு எட்டு அங்கேதான்.

அங்கே கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டினால், இழுத்து வலுவேற்றிய ஸ்டெயின்லெஸ் குழாய் அந்த இடத்தில் இளகிப்போகும். உள்பக்கம் கருப்பாகப் பொறுக்குத் தட்டும். அந்தப் பொறுக்கு உதிர்ந்து காற்றைத் திரும்பி வர விடாத நான்-ரிட்டர்ன் வால்வின் சீட்டில் உட்காரும், வால்வு மூடாது. பற்றவைக்கப் போடும் உப்பின் மிச்சம் உள்ளேயே தங்கிக் குழாயை அரிக்கும். இதற்கெல்லாம் மேல், அந்தக் காற்றைத்தான் ஒருவர் முப்பது மீட்டர் ஆழத்தில் மூச்சாக இழுக்கப் போகிறார். உயர் அழுத்தக் குழாயை ரிப்பேர் செய்ய முடியாது ஐயா. மாற்றத்தான் முடியும். அதற்குப் 'பழுது பார்ப்பது' என்று பேர் வைத்ததே தப்பு.

மாற்றினால் போதுமா என்றால் அதுவும் இல்லை. அந்தக் குழாயை நடுவில் பிடித்திருக்க வேண்டிய கிளாம்ப்பில் ரப்பர் இல்லை. எப்போதோ உதிர்ந்திருக்கிறது. ரப்பர் போன இடத்தில் குழாய் சும்மா ஆடியிருக்கிறது. இருபது ரூபாய் ரப்பர் துண்டு இல்லாமல் போனதற்குக் குழாய் தண்டனை அனுபவித்தது. புதுக் குழாய் போட்டு ரப்பர் போடாமல் விட்டிருந்தால் அடுத்த ஆறு மாதத்தில் அதே இடத்தில் அதே விரிசல். கடற்கரையில் இன்னொன்றும் உண்டு: ரப்பருக்கு அடியில் உப்புத் தண்ணீர் தேங்கி, வெளியே பளபளவென்று இருக்கும் குழாயை அங்கே மட்டும் புள்ளி புள்ளியாகத் தின்றிருக்கும். மாதம் ஒருமுறை கிளாம்ப்பைத் தளர்த்தி, நல்ல தண்ணீரில் துடைத்து, ரப்பரைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். பத்து நிமிஷ வேலை.

அன்று ராத்திரி நான் செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் ஊரில் வேறு மெக்கானிக் இதைச் செய்யும்போது என்ன பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். என் பையில் 316 ரக ஸ்டெயின்லெஸ், தையலில்லாத ஆறு மில்லிமீட்டர் குழாய் இருந்தது. ஹாக்ஸா வைத்து அறுக்கக் கூடாது, அறுத்தால் வாய் கோணலாகும், தூள் உள்ளே போகும். குழாய் வெட்டியால் மெதுவாகச் சுற்றிச் சுற்றி வெட்டினேன். வாயின் உள்பிசிறை எடுத்து, குழாயைக் கவிழ்த்துத் தட்டி, காற்றால் ஊதினேன். வளைக்கும்போது நட்டு உட்காரும் முனையில் நட்டின் நீளத்தைப்போல இரண்டு மடங்காவது நேராக விட்டேன். வளைவு நட்டுக்குப் பக்கத்தில் வந்தால் அங்கே குழாய் வட்டமாக இருக்காது, வளையம் சீராகக் கடிக்காது. அப்புறம் குழாயைச் சும்மா இடத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு முனையும் தானாக வாயில் போய் உட்கார வேண்டும். கையால் இழுத்துப் பிடித்து நட்டைப் போட்டால், நட்டு போட்ட அன்றைக்கே அந்தக் குழாய் பாதி உடைந்த மாதிரிதான்.

நட்டைக் கையால் இறுகும் வரை சுற்றி, பேனாவால் ஒரு கோடு போட்டு, ஸ்பேனரில் ஒன்றரை சுற்று. இது ஒற்றை வளையத்துக்கு. இரட்டை வளைய ஃபிட்டிங் என்றால் பெரும்பாலும் ஒன்றேகால் சுற்று. எந்தக் கம்பெனி ஃபிட்டிங்கோ அந்தக் கம்பெனி என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. ஒரு கம்பெனி நட்டு, இன்னொரு கம்பெனி வளையம் என்று கலந்து கட்டக் கூடாது. 'நல்லா டைட் பண்ணு' என்பது ஒரு அளவே இல்லை. அதிகம் இறுக்கினால் வளையம் குழாயை நசுக்கும்.

இதற்குப் பிறகு முக்கால்வாசிப் பேர் செய்யாத ஒரு வேலை இருக்கிறது. நட்டை மறுபடி முழுசாகக் கழற்றிப் பார்ப்பது. வளையத்தின் முன்விளிம்பு குழாயைக் கடித்து, தனக்கு முன்னால் குழாயின் உலோகத்தை ஒரு வரப்பு மாதிரி எழுப்பியிருக்க வேண்டும். சுற்றிலும், ஒரே உயரத்தில். வளையத்தைப் பிடித்துத் திருகினால் சுற்றலாம், பரவாயில்லை. முன்னும் பின்னும் நகரக் கூடாது. நகர்ந்தால் அது கடிக்கவில்லை, தொட்டுக்கொண்டு நிற்கிறது. டார்ச் அடித்து அந்தத் தம்பிக்கு வரப்பைக் காட்டினேன். "வயல் வரப்பு மாதிரியே இருக்குண்ணே" என்றான். முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மரையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1841-ல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பவர் மரைக்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார். பல்லின் கோணம் 55 பாகை. 1864-ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ், அது வேண்டாம், 60 பாகைதான் சுலபம் என்றார். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. அவர்கள் வழிவந்த குழாய் மரைகள் இன்னும் உங்கள் ஷெட்டில் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. நம்மூர்க் கடையில் கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் 55 பாகை, பிஎஸ்பி. அமெரிக்காவிலிருந்து வந்த, காற்று நிரப்பும் பேனலும் வால்வும் 60 பாகை, என்பிடி. கால் இஞ்சு அளவில் பிஎஸ்பிக்கு இஞ்சுக்கு 19 பல், என்பிடிக்கு 18. இரண்டு மூன்று சுற்று ஏறி இறுகிவிடும். 'செட் ஆயிடுச்சு' என்று தோன்றும். அரை இஞ்சில் இரண்டுக்கும் 14 பல், அதனால் கடைசிவரைக்கும் ஏறும், அது இன்னும் ஆபத்து. லீக் வந்தால் டெஃப்ளான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றி அடைப்பது நம் வழக்கம். மரை கழண்ட வேலை என்று சொல்வார்களே, அது இதுதான். கூம்பு வாயிலும், ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் வைத்து அடைக்கும் நேர் மரையிலும் டேப்புக்கு வேலையே இல்லை. நட்டிலிருந்து வெள்ளையாக டேப் எட்டிப் பார்த்தால், அங்கே ஏதோ தப்பான ஜோடி சேர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். போகட்டும் என்று விட்டால் டேப் நார் உள்ளே போய் வால்வைக் கெடுக்கும்.

ஹோஸ் விஷயம் சுருக்கமாக. ஜேசிபிக்கு ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடையில் 'நானூறு பார் தாங்கும்' என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். தாங்கும், எண்ணெய்க்கு. காற்று ரப்பருக்குள் ஊறி வெளித்தோலுக்கு அடியில் கொப்புளம் கட்டும். காற்றுக்கென்று செய்த ஹோஸில் அது வெளியேற வெளித்தோலில் ஊசித் துளைகள் விட்டிருப்பார்கள். மூச்சுக்காற்றுக்கு என்று எழுதியிருக்கும் ஹோஸ் மட்டும் வாங்குங்கள், தேதி பாருங்கள், சிலிண்டர் பக்கத்து முனையில் வளைந்து நிற்காமல் பாருங்கள்.

சோப்பு நுரையில்கூட ஒரு சங்கதி இருக்கிறது. லீக் பார்க்க எது கைக்குக் கிடைக்கிறதோ அதைத் தெளிக்கிறார்கள். ஒரு கடையில் அமோனியா கலந்த, கண்ணாடி துடைக்கிற திரவத்தைத் தெளிப்பதைப் பார்த்தேன். உங்கள் பேனலில் இருக்கிற டீ, எல்போ என்கிற இணைப்புகள், வால்வு உடம்பு, பாதிக்கு மேல் பித்தளை. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே இருந்த பிரிட்டிஷ் பட்டாளம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைத்தது. மழை முடிந்து எடுத்தால் பித்தளை உறைகள் தானாக விரிசல் விட்டுக் கிடந்தன. மழைக்காலத்தில் வருவதால் அதற்குப் 'பருவ விரிசல்' என்றே பேர் வைத்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாதான் காரணம் என்று 1921-ல்தான் விளங்கியது. இழுத்து இறுக்கிய பித்தளை, ஈரம், அமோனியா, மூன்றும் சேர்ந்தால் விரிசல். உங்கள் ஷெட்டில் முதல் இரண்டும் எப்போதும் இருக்கிறது. மூன்றாவதை நீங்கள் வாங்கிக்கொண்டு வராதீர்கள். குழந்தைக்குப் போடும் ஷாம்பு இரண்டு சொட்டு, தண்ணீர், பார்த்த பிறகு நல்ல தண்ணீரில் துடைப்பு. அவ்வளவுதான்.

பூஜ்யத்துக்கு வருகிறேன். இது என் சொந்தத் தப்பு. தொழிலுக்கு வந்த இரண்டாம் வருஷம், ஒரு மெஷினில் ஃபில்டர் மாற்ற வேண்டும். பேனல் கேஜ் பூஜ்யம் காட்டியது. ஃபில்டர் மூடியைத் திருகினேன், அசையவில்லை. உப்புப் பிடித்திருக்கிறது என்று நினைத்து ஒரு நீளக் கம்பியை மாட்டினேன். மேஸ்திரி பின்னாலிருந்து என் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். அந்த மெஷினில் ஃபில்டருக்குப் பிறகு ஒரு வால்வு உண்டு. 150 பார் ஏறும் வரை காற்றை வெளியே விடாமல் ஃபில்டருக்குள் பிடித்து வைக்கும். அப்படி நெருக்கி வைத்தால்தான் ஈரமும் எண்ணெயும் ஒழுங்காகப் பிடிபடும். பேனல் கேஜ் அந்த வால்வுக்கு அந்தப் பக்கம். ஆகவே அது பூஜ்யம் காட்டினாலும் ஃபில்டருக்குள் 150 அப்படியே இருக்கலாம். ஆறு சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடி என்றால் அதன் அடியில் நாலு டன்னுக்கு மேல் தள்ளுகிறது. நன்றாக வளர்ந்த ஒரு கொம்பன் யானையை மூடிக்கு அடியில் உட்கார வைத்து, நான் மேலே குனிந்து நின்றேன். கையால் சுற்றாத மூடிக்குக் கம்பி போடாதே, உள்ளே ஆள் இருக்கிறான் என்று மேஸ்திரி சொன்னதைத்தான் இன்றைக்கும் எல்லாத் தம்பிகளுக்கும் சொல்கிறேன். தேங்கியதை வடிக்கிற ஒவ்வொரு டிரெயின் வால்வையும் ஃபில்டர் வால்வையும் திறந்து, சத்தம் அடங்கி, திறந்தபடியே விட்டுவிட்டுத்தான் வேலை.

குழாயை மண்ணெண்ணெயில் கழுவுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தின்னரும் பெட்ரோலும் அதே கதைதான். மிச்ச ஆவி சூடான, நெருக்கிய காற்றோடு சேர்ந்தால் டீசல் எஞ்சினுக்குள் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும். பற்றிக்கொள்ளாவிட்டால் மூச்சில் போகும். ஐரோப்பியத் தரமான இஎன் 12021, மூச்சுக்காற்றில் கார்பன் மோனாக்ஸைடு பத்து லட்சத்தில் ஐந்து பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, எண்ணெய் ஒரு கன மீட்டருக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. ஏன் இவ்வளவு கறார்? முப்பது மீட்டர் ஆழத்தில் நாலு மடங்கு அழுத்தம். கரையில் பத்து பங்கு இருந்தால் அங்கே நாற்பது பங்கை இழுத்த மாதிரி. லீக் இருக்கிற மெஷின் அதிக நேரம் ஓடும், அதிகம் சூடேறும். சூடேறினால் ஆயில் கருகும், ஃபில்டர் சீக்கிரம் தீரும். 'சத்தம் மட்டும்தான் வருது, காத்து நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லும்போது இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். அன்றைக்கு வேலை முடியும்போது ராத்திரி மணி ஒன்றரை. கிளம்பும்போது தம்பி ஒரு நாற்பது பக்க நோட்டைக் காட்டினான். அவனாகப் போட்டு வைத்த கணக்கு. சிலிண்டர் நம்பர், ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம். அது நிமிஷத்துக்கு நூறு லிட்டர் மெஷின். பதினோரு லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,200 லிட்டர் காற்று. காலி சிலிண்டர் நிரம்ப இருபத்திரண்டு நிமிஷம் ஆக வேண்டும். நோட்டில் மூன்று வாரம் முன்னால் இருபத்து மூன்று, இருபத்து நாலு என்றிருந்தது. அப்புறம் இருபத்தாறு. பிறகு இருபத்தொன்பது. அந்த வாரம் முப்பத்திரண்டு. லீக் எப்போது ஆரம்பித்தது, எப்படி வளர்ந்தது என்று ஒரு டாக்டர் சார்ட் மாதிரி எழுதி வைத்திருக்கிறான்.

"முதலாளிகிட்ட சொன்னியா?"

"சொன்னேண்ணே. மெஷின் பழசு, அப்படித்தான் இருக்கும்னாரு."

சீறல் சத்தம் கேட்பதற்கு மூன்று வாரம் முன்பே அந்த ஷெட்டில் ஒருவனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. மெஷினை நிறுத்துகிற அதிகாரம் மட்டும் அவனிடம் இல்லை. கடலுக்குள் கூட்டிப்போகும் இன்ஸ்ட்ரக்டர் 'இன்னைக்குத் தண்ணி சரியில்ல' என்று சொன்னால் படகைத் திருப்புகிறீர்கள். அதே மரியாதையை ஷெட்டில் நிற்கிறவனுக்கு ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறீர்கள்? அவன் டைவிங் கார்டு வாங்காதவன், மாதச் சம்பளத்துக்குச் சிலிண்டர் தூக்குகிறவன் என்பதாலா? உங்கள் கடையில் 200 பாருக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிறவன் அவன் ஒருவன்தான்.

அதனால் இனி என் வழக்கம் இப்படி. வெள்ளிக்கிழமை ராத்திரிப் போனுக்கு வருவேன், வராமல் இருக்க மாட்டேன். ஆனால் குழாயை ஒட்டித் தர மாட்டேன். பையில் சரியான குழாயும் ஃபிட்டிங்கும் இருந்தால் மாற்றுவேன். இல்லாவிட்டால் மெஷினில் 'ஓட்டக் கூடாது' என்று அட்டை தொங்கவிட்டு வந்துவிடுவேன். பக்கத்துக் கடையில் சிலிண்டர் நிரப்பிக்கொள்ளுங்கள், ஒருநாள் நிரப்பித் தர மாட்டேன் என்று சொல்கிற கடைக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. காசு விஷயத்தில் எனக்கும் உங்களுக்கும் சண்டை வேண்டாம். ஒரு மெஷினுக்கு வேண்டிய எல்லாக் குழாயும் நட்டும் வளையமும் ஓ-ரிங்கும் ஒரு டப்பாவில் போட்டு வைத்தால், ஒரு சனிக்கிழமை புக்கிங்கில் பாதிகூட ஆகாது.

ஐப்பசி, கார்த்திகையில் கடல் கலங்கி எல்லோரும் கடையைப் பாதி சாத்தி வைத்திருப்பீர்கள். அந்த இரண்டு மாதத்தில் சென்னையில் ஆரம்பித்து ஒவ்வொரு ஷெட்டாக வருகிறேன். எல்லாக் குழாயையும் கழற்றி, வரப்பு பார்த்து, கிளாம்ப் ரப்பர் மாற்றி, நட்டு ஒவ்வொன்றும் எந்த ஜாதி, எந்த அளவு என்று அட்டையில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டித் தருகிறேன். அடுத்த தடவை தெருவுக்குப் போகிறவர் அந்த அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு போகட்டும்.

நான் வருவதற்கு முன்னால் மூன்று காரியம் செய்து வையுங்கள். முந்தின நாளே மெஷினை நிறுத்தி எல்லா டிரெயினையும் திறந்து விடுங்கள். எம்-சீல் பூசிய இடம் எங்கெல்லாம் இருக்கிறது என்று மறைக்காமல் காட்டுங்கள், திட்ட மாட்டேன். காற்று நிரப்புகிற தம்பியை அன்றைக்கு முழுக்க என் பக்கத்தில் விடுங்கள். அவன் நோட்டையும் கொண்டு வரச் சொல்லுங்கள். டீ வாங்க வேறு யாரையாவது அனுப்பிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் கம்ப்ரஸர் அண்ணன்,
ராயபுரம்.